நிலாவெளிப் பக்கம் சைட்மவுண்ட் பழக: என்ன சாமான் எடுக்கிறது, எப்பிடித் தொடங்கிறது?

சல்லிக்கரை:
டைவிங்கில அட்வான்ஸ்ட் கோர்ஸ் வரைக்கும் முடிச்சாச்சு, 40 டைவ் கணக்கில இருக்கு. வாடை முடிஞ்சு கடல் திறந்ததும் சைட்மவுண்ட், அதாவது சிலிண்டரை முதுகில இல்லாம ரெண்டு பக்கமும் கொளுவி டைவ் பண்ணுறது, பழகுற யோசினை. கேள்வி மூண்டு. எந்த ஹார்னஸ் (சிலிண்டரைக் கொளுவ உடம்பில போடுற பட்டி) எடுக்கலாம்? கையில இருக்கிற ஒரு செட் ரெகுலேட்டரோட (சிலிண்டர்க் காத்தை வாய்க்குக் கொண்டுவாற கருவி) சமாளிக்கலாமோ? எங்கட பைபர் போட்டில ரெண்டு சிலிண்டரோட எப்பிடி ஏறி இறங்கிறது? கோர்ஸை ஒரு நாளில முடிச்சுத் தாறம் எண்டும் ஒரு கதை வருது. அது சரிவருமோ?

கொட்டியாரக்குடா:
தம்பி, ஹார்னஸின்ர பேர் கடைசியில வரட்டும். முதல் சிலிண்டரைப் பாப்பம், மிச்சமெல்லாம் அதிலதான் தொங்குது.

இஞ்ச ஓடுறது அலுமினியம் எண்பது எண்ட சிலிண்டர். 11.1 லீட்டர், 200 பார் அடைச்சா 2,220 லீட்டர் காத்து. அந்தக் காத்தின்ர நிறை மட்டும் 2.6 கிலோவுக்குக் கிட்ட. நிரம்பின சிலிண்டர் தண்ணியில முக்கால் கிலோ அளவு தாழும், வெறுமையானா 2 கிலோவுக்குக் கிட்ட மிதக்கும். அடிப்பக்கம்தான் முதல் கிளம்பும். டைவ் தொடங்கேக்க உடம்போட ஒட்டிக் கிடந்த சிலிண்டர், 100 பாருக்குக் கீழ வரேக்க வாலைத் தூக்கிக்கொண்டு முதுகுக்கு மேல நிக்கும். புதுசாப் பழகுற ஆக்கள் இதைப் பாத்திட்டு ஹார்னஸ் பிழை எண்டு வேற ஒண்டு வாங்குவினம். ஹார்னஸில பிழை இல்லை. கீழ் கொளுக்கியை இடம் மாத்தோணும், அவ்வளவுதான்.

தொடங்கேக்க கீழ் கொளுக்கி பின்னுக்கு, குண்டிப் பலகையில. வால் கிளம்பத் தொடங்கினதும் அதைக் கழட்டி இடுப்புப் பட்டியில முன்னுக்கு இருக்கிற டி வளையத்தில கொளுவோணும். வால் திரும்பக் கீழ வந்திடும். அதனால ஹார்னஸ் வாங்கேக்க பாக்க வேண்டிய முதல் விசயம், இடுப்புப் பட்டியில நகர்த்தக்கூடிய டி வளையம் இருக்கோ எண்டது. உருக்குச் சிலிண்டருக்கெண்டே செய்த சில ஹார்னஸில அது இருக்காது.

விங், அதாவது முதுகில இருக்கிற காத்துப் பை, 15 முதல் 18 கிலோ தூக்கினாக் காணும். ரெண்டு சிலிண்டரிலயும் சேத்து 5.3 கிலோ காத்து, மேல 3 மி.மீ. சூட். 25 கிலோ விங் எடுத்தா அது முதுகில வீங்கி நிக்கும், காத்து ஒரு பக்கம் ஓடி ஆளைச் சரிக்கும்.

இனிப் பேர். எக்ஸ்டீப் ஸ்டெல்த் 2.0, ரேசர் ரெண்டும் இந்த மாதிரி வெக்கைக் கடலுக்கும் அலுமினியத்துக்கும் பொருந்தும். ஹாலிஸ், டைவ் ரைட் மாதிரிக் கம்பனிகளின்ர பெரிய மொடல்கள் குளிர்த்தண்ணி, டிரை சூட், உருக்கு எல்லாத்தையும் தாங்கச் செய்தது. பிழையில்லை, ஆனா இஞ்ச அதில பாதி சும்மா தொங்கும். பின்முதுகு மவுண்டையும் சைட்மவுண்டையும் ஒண்டில சேத்த ஜாக்கெட்டுகளை மட்டும் வாங்கவேண்டாம். ரெண்டுக்கும் சரிவராது.

கிண்ணியாக் கடலோடி:
போட் விசயத்த நான் சொல்றன். ரெண்டு சிலிண்டரயும் மாட்டிக்கிட்டு போட் விளிம்புல குந்தி பின்பக்கமா உருளக் கூடாது. சிலிண்டர் சுழண்டு முழங்கையில அடிக்கும், பங்கி (வால்வ இழுத்துப் பிடிக்கிற இழுவைக் கயிறு) வால்வ விட்டு வழுக்கிப் போகும், வால்வுல பூட்டின ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பைபர் விளிம்புல முட்டும். பெரிய கப்பல்ல மேடையில நிண்டு எட்டு வச்சுக் குதிக்கிறது வேற கத.

எங்கட போட்டுல இப்பிடிச் செய்யுங்க. போட்டுலயே ரெண்டு ரெகுலேட்டரயும் பூட்டி, வால்வத் திறந்து, ரெண்டாலயும் நாலு மூச்சு எடுத்துப் பாருங்க. அழுத்தம் காட்டுற கேஜப் பாருங்க. ஹோஸ சிலிண்டர்ல இருக்கிற ரப்பர் வளையத்துக்குள்ள செருகுங்க. சிலிண்டர நிறுத்தி வைக்காம படுக்க வச்சுக் கட்டுங்க, கீழ ஒரு ரப்பர் பாய் வேணும். பொறகு ஹார்னஸ், விங்குல காத்து, ஃபின், மாஸ்க்கோட நீங்க மட்டும் உருளுங்க. போட்காரர் ஒவ்வொண்டாத் தருவார்.

நீரோட்டம் இருந்தா கைமாத்துறது கஷ்டம். அப்ப 4, 5 மீட்டர் கயிறு ஒண்ட போட்டுல கட்டி, ரெண்டு கொளுக்கி போட்டு, சிலிண்டர்கள முன்னமே தண்ணியில தொங்க விடுங்க, வால்வ் மேல இருக்கிற மாதிரி. ஒரு கையால கயிறப் பிடிச்சிக்கிட்டு மத்தக் கையால மாட்டலாம்.

இன்னொண்டு. எஞ்சின் நிண்டாத்தான் கிட்டப் போகணும். நியூட்ரல்ல இருக்கிறது காணாது, நிப்பாட்டணும்.

சல்லிக்கரை:
நன்றி நானா. தண்ணிக்குள்ள மாட்டேக்க எது முதல், இடதோ வலதோ?

கிண்ணியாக் கடலோடி:
இடது முதல். கீழ் கொளுக்கி குண்டிப் பலகையில, பொறகு பங்கிய வால்வுக்கு மேல, கடைசியா கழுத்துப் பக்கக் கொளுக்கி நெஞ்சு டி வளையத்துல. இடது ரெகுலேட்டர்ல இருக்கிற ரப்பர் மாலையத் தலையால போடுங்க. இன்ஃப்ளேட்டர் ஹோஸப் பூட்டுங்க. அதுக்குப் பொறகுதான் வலது. நீட்டு ஹோஸ் வலதுல இருந்து நெஞ்சக் கடந்து, இடது தோளால கழுத்துக்குப் பின்னால சுத்தி வாய்க்கு வரணும். அது எல்லாத்துக்கும் மேல இருந்தாத்தான் தேவைக்கு இழுத்துக் குடுக்கலாம். மாலைக்குக் கீழ மாட்டுப்பட்டா மத்தவருக்குக் குடுக்கேக்க உங்கட கழுத்தச் சேத்து இழுக்கும்.

ஏறேக்க மறுவளம்: வலதக் கழட்டிக் குடுங்க, பொறகு இடது. கடைசிச் சிலிண்டர் போட்டுக்குள்ள போகும்வரைக்கும் அதிண்ட ரெகுலேட்டர் வாயிலதான் இருக்கணும். ஈயம் உங்கட முதுகுலயே இருக்குங்கிறத மறக்காம விங்க நல்லா ஊதி வச்சிருங்க.

ஒட்டுமீன்:
ரெகுலேட்டர் கேள்விக்கு நான் வாறன்.

உங்களிட்ட இப்ப இருக்கிறது ஒரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், ரெண்டு செகண்ட் ஸ்டேஜ் (வாயில வைக்கிற பகுதி), ஒரு கேஜ் எண்டு வைப்பம். வாங்க வேண்டியது: இன்னொரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், இன்னொரு கேஜ், 15 செ.மீ. உயர் அழுத்த ஹோஸ் ரெண்டு, இடதுக்கு 55 முதல் 60 செ.மீ. ஹோஸ், வலதுக்கு நீட்டு ஹோஸ், கட்டையான இன்ஃப்ளேட்டர் ஹோஸ். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ரெண்டும் ஒரே மொடலா இருந்தா சேர்விஸ் கிட் ஒண்டுதான் தேட வேணும். கொழும்பிலயே எல்லாக் கிட்டும் கிடைக்கும் எண்டு நம்பி வாங்காதேங்கோ, முதல் கேட்டுப் பாருங்கோ.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜில சுழலுற தலையும் அதின்ர நுனியில அஞ்சாவது போர்ட்டும் (ஹோஸ் பூட்டுற துவாரம்) இருக்கிற மொடல் வசதி. ஹோஸ் நேர கீழ, சிலிண்டரோட ஒட்டி இறங்கும். போர்ட் பக்கவாட்டில மட்டும் இருந்தா ஹோஸ் நெஞ்சுக்கு வெளியில வளைஞ்சு நிக்கும், போற வழியில எல்லாத்திலயும் கொளுவும்.

பழைய ஒக்டோவை, அதாவது உதவிக்கு வச்சிருக்கிற ரெண்டாவது செகண்ட் ஸ்டேஜை, அப்பிடியே இடதுக்கு மாத்துறதில ஒரு சிக்கல். ஒக்டோவைத் தானா ஊதாம இருக்க இறுக்கமாச் செட் பண்ணித்தான் விடுவினம். இனி அதால டைவின்ர பாதி நேரம் மூச்சு எடுக்கப் போறியள். சேர்விஸ் ஆளிட்டக் குடுத்து முதன்மை ரெகுலேட்டர் அளவுக்கு இளக்கி எடுங்கோ.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜை வால்வில பூட்ட யோக்கோ (வெளியால கவ்வித் திருகிறது) டின்னோ (வால்வுக்குள்ள திருகிறது) எண்டு கேட்டா டின். யோக்கின்ர பெரிய திருகு பங்கி வாற இடத்திலயே துருத்திக்கொண்டு நிக்கும், பங்கி அதில ஏறி வழுக்கும். வாடகைச் சிலிண்டரின்ர வால்வுக்குள்ள கழட்டக்கூடிய உள்துண்டு இருந்தா அலன் கீயால அதை எடுத்திட்டு டின்னை நேரயே பூட்டலாம். எல்லா வால்விலயும் அது இல்லை. முதல் நாளே போய்ப் பாருங்கோ. அடாப்டர் போட்டா ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் இன்னும் வெளியில தள்ளிப் போகும், அது யோக்கை விட மோசம்.

கச்சான்காத்து:
நீட்டு ஹோஸ் எவ்வளவு எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. 210 செ.மீ. வேணும் எண்டு இணையத்தில பாத்திட்டு வாங்கிறவை கனக்க. அது குகைக்குள்ள ஒருத்தர் பின்னால ஒருத்தர் வெளிக்கிடுறதுக்கு வந்த அளவு. நிலாவெளிக்கு முன்னால இருக்கிற புறாமலைத் தீவில 10, 12 மீட்டரில பக்கத்துப் பக்கத்தில போற ஆக்களுக்கு 100 செ.மீ. ஹோஸும் வாய்க்கிட்ட ஒரு முழங்கை மூட்டும் (ஹோஸை வளைச்சுப் பூட்டுற துண்டு) தாராளம்.

கொட்டியாரக்குடா:
உதில எனக்கு உடன்பாடில்லை. 100 செ.மீ. ஹோஸ் கைக்குக் கீழால வரும், கழுத்தைச் சுத்தாது. சரி, காணும். ஆனா பயந்து போனவர் அந்த நீளத்தில உங்கட வலது சிலிண்டருக்கு மேலயே ஏறி நிப்பார், ரெண்டு பேரும் மேல வரேக்க அவரின்ர முழங்கால் உங்கட வால்வில. 150 எண்டாலும் வையுங்கோ. 210 கூடாது எண்டும் சொல்லேலாது, மிச்சத்தை ரப்பருக்குள்ள மடிச்சு வச்சாச் சரி.

ஒட்டுமீன்:
முழங்கை மூட்டில ஒரு ஓ வளையம் கூடுது எண்டதையும் கணக்கில எடுங்கோ. கசியுற இடம் ஒண்டு கூடுது.

அதோட கேஜின்ர கழுத்தில நூல் மாதிரிக் குமிழி வந்தா கேஜை மாத்த ஓடாதேங்கோ. ஹோஸும் கேஜும் சேருற இடத்தில ரெண்டு சின்ன ஓ வளையம் போட்ட ஒரு ஊசித்துண்டு இருக்கு. 15 செ.மீ. ஹோஸ் வளையாத படியால கேஜைத் திருப்பித் திருப்பிப் பாக்கேக்க அதுதான் தேயும். சிலிண்டரை மூடி, அழுத்தத்தை விட்டிட்டு, கழட்டி மாத்தினா அஞ்சு நிமிச வேலை. பையில ரெண்டு வச்சிருங்கோ.

புறாமலை நீரோட்டம்:
பயிற்சி பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி நிறுவனத்தின் சைட்மவுண்ட் பாடநெறிக்கு ஓப்பன் வாட்டர் தகுதியும் 15 வயதும் போதும். அடைபட்ட நீரில் ஒரு டைவ், திறந்த கடலில் மூன்று டைவ். இதை ஒரே நாளில் திணிப்பதில் பொருளில்லை. முதல் அரை நாள் தரையிலேயே போய்விட வேண்டும், ஹார்னஸை உடம்புக்குப் பொருத்துவதற்கு. தரையில் நேரம் செலவழிக்காத ஆசிரியரிடம் கடலில் நீங்கள் கற்கப் போவது சிலிண்டரோடு மல்லுக்கட்டுவதை மட்டும்தான்.

பொருத்தும்போது பார்க்க வேண்டியது இதுதான். தோள்பட்டிக்குள் விரித்த கை தாராளமாக நுழைய வேண்டும். முதுகில் பட்டிகள் சந்திக்கும் இடம் தோள் எலும்புகளுக்கு நடுவே வரவேண்டும், கழுத்தடியில் அல்ல. குண்டிப் பலகை இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே. கால்களுக்கிடையில் வரும் பட்டி, நிமிர்ந்து நிற்கும்போது கொஞ்சம் இறுக்கமாகத் தெரிந்தால் நீரில் படுக்கும்போது சரியாக இருக்கும்.

அடுத்தது பங்கி. எல்லாக் குழப்பமும் இங்கேதான். முதுகிலிருந்து புறப்பட்டு, அக்குளுக்குக் கீழால் வந்து, நெஞ்சு டி வளையத்தில் முடியும் இழுவைக் கயிறு இது. சிலிண்டரை மாட்டியபின் வால்வின் குமிழ் அக்குளுக்குள் அடங்கியிருக்க வேண்டும். கையை இயல்பாக மடக்கினால் உள்ளங்கை குமிழின் மேலேயே விழ வேண்டும், தேடக்கூடாது. பங்கி தளர்ந்திருந்தால் வால்வ் நெஞ்சுக்குக் கீழே தொங்கும், அதன் எதிர்வினையாக வால் மேலே போகும். இறுகியிருந்தால் வால்வை அதற்குள் நுழைக்க இரண்டு கையும் வேண்டியிருக்கும், அரை மணி நேரத்தில் தோள் மரத்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு சென்ரிமீட்டர் என்று முடிச்சை நகர்த்திப் பாருங்கள். உப்புநீரில் பங்கியின் இழுவை போய்விடும், பருவத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

சிலிண்டரில் கட்டும் பட்டியின் உயரமும் முக்கியம். வால்வ் அக்குளில் இருக்கும்போது கீழ் கொளுக்கி இடுப்பெலும்புக்கு நேரே வரவேண்டும். கொளுக்கியைப் பட்டியோடு உலோகத்தால் இணைக்காமல் நைலோன் நூலால் கட்டுங்கள். மணல் புகுந்து இறுகிப்போனால் வெட்டி எடுக்கலாம்.

நீரில் கற்பதற்கு நான் வற்புறுத்தும் ஒழுங்கு: முதலில் 3 மீட்டரில் அசையாமல் படுத்திருத்தல், பிறகு தவளை உதை, பின்னோக்கி நகர்தல், அதன் பிறகே ரெகுலேட்டர் மாற்றுதல், வால்வ் மூடித் திறத்தல், சிலிண்டரைக் கழற்றி மாட்டுதல். சரியாகப் படுக்கத் தெரியாதவர் வால்வைத் தொடப் போனால் கால் கீழே போகும், கால் போனால் துடுப்பு பவளத்தில்.

வால்வ் பயிற்சியில் ஒரு நுணுக்கம். இடது ரெகுலேட்டர் நிற்காமல் ஊதத் தொடங்கினால் அதை மூடிவிட்டு வலதுக்கு மாறுவது முதற்பாடம். அந்தக் காற்றும் தேவைப்பட்டால், மூச்சு எடுக்கும்போது வால்வைச் சற்றுத் திறந்து, எடுத்தவுடன் மூட வேண்டும். முதுகில் சிலிண்டர் போட்டவரால் இது முடியாது. பக்கத்தில், கண்ணெதிரே வால்வ் இருப்பதன் முழுப் பயனும் இந்த ஒன்றில் தெரியும். ஆனால் இன்ஃப்ளேட்டர் இடது சிலிண்டரில் இருந்தால், இடதை மூடியதும் விங்குக்குக் காற்று போகாது. வாயால் ஊதுவதையும் அன்றே பழக வேண்டும்.

சல்லிக்கரை:
கனக்க நன்றி. ரெகுலேட்டர் எத்தினை பாருக்கு ஒருக்கா மாத்திறது? ஒரு சிலிண்டரை முடிச்சிட்டு மற்றதுக்குப் போனா என்ன?

ஒட்டுமீன்:
முடிச்சிட்டுப் போனா ரெண்டு பிரச்சினை. ஒரு பக்கம் 2.6 கிலோ குறைஞ்சு ஆள் சரிஞ்சு நீந்துவார். அது பறவாயில்லை. நிரம்பின பக்கம் பழுதானா கையில ஒண்டும் இருக்காது, அதுதான் விசயம்.

30 பார் வித்தியாசத்தில வையுங்கோ. ரெண்டும் 200இல தொடங்குது. வலதால 170 வரைக்கும். இடதால 200இல இருந்து 140. வலதால 170இல இருந்து 110. இடதால 140இல இருந்து 80. வலதால 110இல இருந்து 80. ரெண்டும் 80இல சந்திக்கேக்க மேல வாற நேரம்.

மாத்தேக்க, அடுத்த ரெகுலேட்டரைக் கையில எடுத்துப் பொத்தானை ஒருக்கா அமத்திப் பாத்திட்டு மாத்துங்கோ. நீட்டு ஹோஸ் வாயில இல்லாத நேரம் அது வலது நெஞ்சு டி வளையத்தில கொளுவியிருக்கோணும். தொங்க விட்டா நிலாவெளி மணல் வெளிமூச்சு வால்வுக்குள்ள போய் ஒட்டும், அடுத்த தரம் மூச்சோட தண்ணியும் வரும்.

கொட்டியாரக்குடா:
80க்குக் கணக்கு இருக்கு. 18 மீட்டரில ரெண்டு பேர் ஒரே சிலிண்டரால வரவேண்டி வந்தா, பதட்டத்தில ஆளுக்கு நிமிசத்துக்கு 30 லீட்டர், ரெண்டு பேருக்கும் 60. அடியில ஒரு நிமிசம் 2.8 பாரில 168 லீட்டர். மேல வர 2 நிமிசம் சராசரி 1.9 பாரில 228. அஞ்சு மீட்டரில 3 நிமிசம் 270. மொத்தம் 666 லீட்டர், 11.1 லீட்டர் சிலிண்டரில 60 பார். அதால அடியில நிக்கேக்க எந்தச் சிலிண்டரும் 60க்குக் கீழ போகக்கூடாது. 80 எண்டா கை நீட்ட இடமிருக்கு.

இதில கவனிக்காத இன்னொண்டு. மேற்பரப்பில நிமிசத்துக்கு 20 லீட்டர் இழுக்கிறவருக்கு 18 மீட்டரில 56 லீட்டர் போகும். ஒத்தைச் சிலிண்டரில 60 பாரை ஒதுக்கினா 27, 28 நிமிசம். காத்து முடியுதெண்டு தானா மேல வந்திடுவார். ரெண்டு சிலிண்டரில 55 நிமிசம். பாடி அட்டவணையில 18 மீட்டருக்கு நிப்பாட்டு இல்லாம இருக்கக்கூடிய நேரம் 56 நிமிசம். இனிமேல் காத்து உங்களை எச்சரிக்காது, கணினியைத்தான் பாக்கோணும். ரெண்டாவது டைவில அந்த நேரம் இன்னும் குறையும், காத்து அப்பிடியே இருக்கும்.

வாடைக்காலம்:
அப்ப ரெண்டு சிலிண்டரோட ஹேர்மிஸ் கப்பலுக்குப் போகலாம் எண்டு நினைக்கலாமோ 😀

கொட்டியாரக்குடா:
1942 ஏப்ரல் 9 மட்டக்களப்புப் பக்கம் தாண்ட கப்பல் அது. கிடக்கிறது 53 மீட்டரில. பொழுதுபோக்கு டைவிங்கின்ர எல்லை 40. ரெண்டு சிலிண்டர் எண்டது ஆழத்துக்கான அனுமதி இல்லை. அது டெக்னிக்கல் பயிற்சி, வேற வாயு. அதைப் பேச வேற இழை தொடங்கோணும்.

கச்சான்காத்து:
ஒண்டு சேக்கிறன். ஆடி மாசம் கச்சான் அடிக்கேக்க கரை கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அதைப் பாத்து ஏமாறாதேங்கோ, காத்து கரையில இருந்து கடலுக்குள்ள தள்ளும். மேல வந்து ரெண்டு சிலிண்டரைக் கழட்டிக்கொண்டு நிக்கிற பத்து நிமிசத்தில போட்டை விட்டு நல்லாத் தூரம் போயிடுவியள். அடையாள மிதவையை 5 மீட்டரில வச்சே மேல விடப் பழகுங்கோ. அதைக் குண்டிப் பலகையில கொளுவி வச்சா இடது கையால எடுக்கலாம்.

புறாமலை 2003இல இருந்து தேசியப் பூங்கா. வால் தூக்கின சிலிண்டர் பவளத்தில படாது, வால் தொங்கின சிலிண்டர்தான் உடைக்கும். கொளுக்கியை முன்னுக்கு மாத்தினவை வெறுமைச் சிலிண்டர் எண்ட நினைப்பில அடுத்த டைவுக்கு நிரம்பின சிலிண்டரையும் முன்னுக்கே கொளுவினா அதுதான் நடக்கும். ஆழங்குறைஞ்ச பக்கத்துக்கு ஒத்தைச் சிலிண்டர் சைட்மவுண்டே காணும், மற்றப் பக்க இடுப்பில 2 கிலோ ஈயம் போட்டாச் சமப்படும்.

சல்லிக்கரை:
கடைசியா ரெண்டு. ஈயம் எவ்வளவு? பங்கிக்கு 8 மி.மீ. கிடைக்கேல்ல, 6 மி.மீ. பாவிக்கலாமோ?

புறாமலை நீரோட்டம்:
ஈயத்தை எண்ணில் சொல்ல இயலாது, சோதித்துத்தான் தெரியும். டைவ் முடிவில், இரண்டு சிலிண்டரும் 50 பாரில் இருக்க, விங் முழுவதும் வெறுமையாக 3 மீட்டரில் அசையாமல் நிற்க வேண்டும். எழும்பினால் ஒரு கிலோ கூட்டுங்கள், தாழ்ந்தால் குறையுங்கள். ஈயம் முதுகுத்தண்டு வழியே பிரிந்து இருக்கட்டும், இடுப்புப் பட்டியில் வேண்டாம். அங்கே சிலிண்டர் நகர இடம் வேண்டும்.

ஒட்டுமீன்:
6 மி.மீ. காணும், ஆனா 8ஐ விடக் கட்டையாப் போடோணும், கனக்க இழுபடும். முதல் நாளே முடிச்சுக்கு அங்கால வெட்டிப் போடாதேங்கோ, 10 செ.மீ. வால் விட்டு வையுங்கோ. மூண்டாவது டைவுக்குப் பிறகு வெட்டலாம்.